பிறர் படைத்த பாத்திரத்தை வைத்துக் கதை எழுத ஐந்து வழிகள்: எது யாருக்குப் பொருந்தும்?

சுஜாதாவின் கணேஷ்–வசந்தை வைத்து ஒரு துப்பறியும் கதை எழுதி முடித்துவிட்டேன், கிண்டிலில் விலை வைத்துப் போடலாமா? பொன்னியின் செல்வனில் மணிமேகலைக்கு நேர்ந்ததை மனம் ஏற்கவே இல்லை, அவளுக்கு வேறொரு முடிவு எழுதினால் கேஸ் வருமா? ஹாரி பாட்டரைக் கும்பகோணத்துக்குக் கூட்டி வந்திருக்கிறேன், பெயரை மாற்றிவிட்டால் போதுமா?

இணையத்தில் தமிழில் எழுதுகிறவர்களிடம் இந்தக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கிடைக்கும் பதில்களோ இரண்டே வகை. காசு வாங்காத வரை ஒன்றும் ஆகாது என்பார் ஒருவர். அடுத்தவர் பாத்திரத்தைத் தொட்டாலே திருட்டு என்பார் இன்னொருவர். இரண்டில் எதை நம்பியவர்களும் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். முதல் ரகத்தினர் அச்சுக்குப் போன புத்தகத்தைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. இரண்டாம் ரகத்தினர் தாராளமாக எழுதியிருக்கக்கூடிய கதையை எழுதாமலே விட்டார்கள். எனக்கு இரண்டாவது நஷ்டம்தான் பெரிதாகப் படுகிறது.

உண்மையில் உங்கள் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. இலவசமாக, ரசிகர் கதை எனப்படும் ஃபேன் ஃபிக்‌ஷனாக எழுதுவது, அனுமதி வாங்கி எழுதுவது, உரிமைக் காலம் முடிந்த பாத்திரத்தை எடுத்துக்கொள்வது, பாத்திரத்தை மாற்றிச் சொந்தமாக்கிக்கொள்வது, மூலத்தை விமர்சிக்கும் எதிர்க்கதையாக எழுதுவது.

## பாத்திரத்துக்குச் சட்டத்தில் தனி இடம் உண்டா?

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 'கதாபாத்திரம்' என்று தனியாக ஒரு பிரிவு கிடையாது. பாதுகாப்பு கதைக்குத்தான். பாத்திரம் அந்தக் கதையின் ஒரு பகுதி என்ற கணக்கில் அதில் பங்கு பெறுகிறது. வெறும் கருவுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே நிதானமான சீனியர் வக்கீல், குறும்புக்கார ஜூனியர் என்ற ஜோடி எல்லோருக்கும் பொது. அந்த ஜூனியர் வசந்த் என்ற பெயரோடு, தொடங்கி ஒருநாளும் சொல்லி முடிக்காத மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கோடு வந்தால் அது சுஜாதா படைத்த ஆள்.

நடுவில் கோடு எங்கே விழுகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. இந்தி காமிக்ஸில் நாகராஜ் என்றொரு நாயகன். உடம்பெல்லாம் பாம்புச் செதில் போலப் பச்சை, சிவப்பு ஜட்டி, இடுப்பில் பாம்பு பெல்ட். வேறொரு பதிப்பகம் கிட்டத்தட்ட அதே கோலத்தில் நாகேஷ் என்ற நாயகனைக் கொண்டுவந்தது. வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் 1997-இல் நாகேஷுக்குத் தடை விழுந்தது. பெயர் வேறுதான், ஆனால் தோற்றமும் சக்தியும் சேர்ந்து அதே ஆளாகத் தெரிந்தது. 2016-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 'தபாங்' படத்தின் சுல்புல் பாண்டேயை வைத்து இன்னொரு வழக்கு. தனித்தன்மையுள்ள பாத்திரத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்ற கொள்கையை நீதிபதி ஏற்றார். ஆனால் எதிர்த்தரப்பின் தெலுங்குப் படத்தைத் தடுக்க மறுத்துவிட்டார். துணிச்சலான, நக்கல் பேசும் போலீஸ்காரர் என்பது மட்டும் ஒருவரின் சொத்தாகிவிடாது என்று நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல் காலம். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-இலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். இதைப் பார்க்காமல் மற்ற எதையும் யோசிக்க வேண்டாம். பாதிப் பேரின் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது காசு. விலை மட்டும் காசு இல்லை. வாசகர்கள் தரும் ஸ்டிக்கர், நாணயம், யூடியூப் விளம்பர வருமானம், சந்தா எல்லாமே காசுதான்.

மூன்றாவது எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பது. பெயரா, குணமா, வசனமா, கதைப்போக்கா?

நான்காவது நாளைக்கு அந்தக் கதை யாருடையது. ஒரு தயாரிப்பாளர் வந்து வெப் சீரிஸாக எடுக்கிறேன் என்றால் கையெழுத்துப் போட உங்களால் முடியுமா? எழுதும்போது யாரும் யோசிக்காத கேள்வி இது. மறைவான செலவுகளில் பெரியதும் இதுதான்.

ஐந்தாவது மூல எழுத்தாளரின் மனம். சட்டம் இதைக் கேட்பதில்லை. ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவர் முப்பது வருடம் வளர்த்த ஆளை எடுக்கும்போது நாம் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

| வழி | விற்கலாமா | எதிர்ப்பு வந்தால் | மறைவான செலவு |
|---|---|---|---|
| இலவச ஃபேன் ஃபிக்‌ஷன் | கூடாது | பெரும்பாலும் நீக்கச் சொல்வார்கள் | கதை அங்கேயே தங்கிவிடும் |
| அனுமதி | ஒப்பந்தப்படி | ஒப்பந்தம் காக்கும் | காத்திருப்பு, ராயல்டி, தலையீடு |
| காலம் முடிந்த பாத்திரம் | தாராளமாக | வர வாய்ப்பே மிகக் குறைவு | படங்கள், வெளிநாட்டுச் சட்டம், போட்டி |
| மாற்றிச் சொந்தமாக்கல் | ஆம், முழுதாக மாறியிருந்தால் | ஒற்றுமையைப் பொறுத்தது | மறுபடி எழுதும் உழைப்பு |
| எதிர்க்கதை | ஆம், ஆனால் வாதாட நேரலாம் | நீதிமன்றம் | வக்கீல் செலவு, ஆண்டுகள் |

## 1. இலவச ஃபேன் ஃபிக்‌ஷன்

ஒரு தப்பெண்ணத்தை முதலில் களைந்துவிடலாம். இலவசமாக வெளியிட்டால் சட்டப்படி தவறில்லை என்று இந்தியச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. பிரிவு 52 சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு இடம் தருகிறது. ஆயிரம் பேர் படிக்க இணையத்தில் ஏற்றுவது சொந்த உபயோகம் ஆகாது. பிரிவு 63-இன்படி மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது. லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். "பாத்திரங்கள் எனக்குச் சொந்தமில்லை" என்று தலைப்பில் எழுதுவது நேர்மையான பழக்கம். அதை விடாதீர்கள். ஆனால் அது கவசம் இல்லை.

அப்புறம் எப்படி லட்சக்கணக்கான கதைகள் இணையத்தில் இருக்கின்றன? உரிமையாளர்கள் கண்டும் காணாமல் விடுவதால். வாசகர்களின் அன்பைக் கெடுத்துக்கொள்ள அவர்களுக்கும் மனமில்லை. ஜே.கே. ரௌலிங் காசில்லாத ரசிகர் கதைகளைப் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டவர். ரத்தக்காட்டேரி நாவல்கள் எழுதிய ஆன் ரைஸ் தன் பாத்திரங்களை யாரும் தொடக்கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னவர். அதன்பின் அவர் பாத்திரங்களை வைத்து எழுதிய கதைகளை ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் தளம் நீக்கியது. ஆகவே எழுதும் முன் அந்த எழுத்தாளர் எதாவது சொல்லியிருக்கிறாரா என்று தேடுங்கள்.

ஏஓ3 (ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்) என்ற ரசிகர் கதைத் தளத்தை நடத்தும் அமைப்பு 2007-இல் தொடங்கியது, தளம் 2009-இல் பொதுமக்களுக்குத் திறந்தது, 2019-இல் ஹியூகோ விருது பெற்றது. அங்கே நன்கொடை இணைப்பு கொடுத்தாலும் விதிமீறல். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. காசு நுழைந்ததும் உரிமையாளரின் பார்வை மாறிவிடுகிறது. ஸ்டார் டிரெக்கை வைத்து 'ஆக்ஸனார்' என்ற ரசிகர் படம் பத்து லட்சம் டாலருக்கு மேல் நிதி திரட்டியது. 2015 டிசம்பரில் பாரமவுண்டும் சிபிஎஸ்ஸும் வழக்குப் போட்டன. அடுத்த ஆண்டு வந்த விதிகள் எல்லா ரசிகர்களையும் சேர்த்துக் கட்டின. ஒரு படம் 15 நிமிடம், இரண்டு பாகமானால் 30 நிமிடம், நிதி 50,000 டாலருக்கு மேல் கூடாது. ஒரு குழுவின் லட்சியத்துக்கு மொத்த ரசிகர்களும் விலை கொடுத்தார்கள்.

நம் நாட்டு அனுபவமும் அதையே சொல்கிறது. 2007 துர்கா பூஜைக்குக் கொல்கத்தா சால்ட் லேக்கில் ஹாக்வர்ட்ஸ் கோட்டை போல ஒரு பந்தல் போட்டார்கள். ரௌலிங் தரப்பும் வார்னர் பிரதர்ஸும் தில்லி உயர் நீதிமன்றம் போனார்கள். லாப நோக்கில்லாத விழா என்பதால் அந்த முறை பந்தல் தப்பித்தது. அதே நகரத்தில், அதற்கு நான்கு வருடம் முன்னால், ஹாரி பாட்டர் கல்கத்தாவுக்கு வருவதாக வங்க மொழியில் எழுதி விற்ற புத்தகத்தைப் பதிப்பாளர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

எழுதப் பழகுகிறவர்களுக்கு இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன். வாசகர்கள் தயாராக இருக்கிறார்கள், பாத்திர அறிமுகத்துக்குப் பக்கங்கள் செலவாகாது, முதல் அத்தியாயத்திலேயே கருத்து வந்துவிடும். தனக்குப் பிடித்த ஆளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஆசையில் எழுதும் கதைகளில் ஓர் உண்மை இருக்கும். அதை மதிக்கிறேன். ஆனால் இரண்டு வருட உழைப்பு, ஐந்நூறு பக்கம், இதைத்தான் வாழ்க்கையில் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதுகிறீர்கள் என்றால் இந்த வழி வேண்டாம். அந்தக் கதையை எங்கேயும் எடுத்துப்போக முடியாது.

## 2. அனுமதி வாங்குவது

தமிழில் ஆட்கள் அதிகம் யோசிக்காத வழி இது. அகதா கிறிஸ்டியின் பாய்ரோவை வைத்து சோஃபி ஹன்னா 2014 முதல் எழுதும் நாவல்கள் குடும்பத்தின் ஒப்புதலோடு வருகின்றன. பெரிய பெயர்களுக்குத்தான் அது நடக்கும் என்று நினைக்க வேண்டாம். நம் க்ரைம் எழுத்தாளர்களில் பலர் இன்றும் வாசகர்களோடு நேரடியாகப் பேசுகிறவர்கள். ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலாவையோ பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலாவையோ வைத்து ஒரு கதை எழுத ஆசை என்றால் மரியாதையாக ஒரு கடிதம் போடுவதில் என்ன குறைந்துவிடும்?

யாரிடம் கேட்பது என்பதில்தான் சிக்கல் வரும். புத்தகம் போட்ட பதிப்பகத்திடம் அந்தப் பதிப்பின் உரிமை மட்டும் இருக்கலாம். பத்திரிகையில் தொடராக வந்தது என்றால் பத்திரிகைக்கு எவ்வளவு, எழுத்தாளருக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எழுத்தாளர் மறைந்திருந்தால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மூத்த மகன் போனில் "தாராளமா எழுதுங்க" என்றார், தங்கை பிறகு நோட்டீஸ் அனுப்பினார் என்றால் உங்களிடம் காட்ட ஒன்றுமில்லை. பதில் வராத கடிதமும் சம்மதம் ஆகாது.

எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பாத்திரங்கள், எந்த மொழி, அச்சா மின்னூலா ஆடியோவா, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடுகள், ராயல்டி எவ்வளவு என்று ஒவ்வொன்றும் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். தமிழ் வாசகர்களுக்கு இந்த இரண்டாவது விதி முக்கியம். யாழ்ப்பாணம், சிங்கப்பூர், கோலாலம்பூர், டொரான்டோ எல்லாம் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே போய்விடும். கிண்டிலில் போட்டால் முதல் நாளே எல்லை தாண்டிவிடுவீர்கள்.

கேட்க மறந்துவிடும் இன்னொரு கேள்வி, நீங்கள் புதிதாக உருவாக்கும் பாத்திரம் யாருக்குச் சொந்தம் என்பது. அமேசான் 2013-இல் 'கிண்டில் வேர்ல்ட்ஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. சில தொடர்களின் பாத்திரங்களை வைத்து யாரும் எழுதி விற்கலாம், ராயல்டி உண்டு. ஆனால் எழுதியவர் சேர்த்த புதுச் சரக்கை மூல உரிமையாளரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம். 2018-இல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். எழுதியவர்களுக்கு அந்தக் கதைகளை அப்படியே வேறெங்கும் கொண்டுபோக வழியில்லாமல் போனது.

உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் பாத்திரத்தை விற்பனைக்கு எழுதினால் எனக்கு வேறு வழி ஏற்பில்லை. 1605-இல் செர்வான்டெஸின் டான் குயிக்சோட் நாவலின் முதல் பாகம் வந்து புகழ்பெற்றது. 1614-இல் அவெல்லனேடா என்ற புனைபெயரில் ஒருவர் இரண்டாம் பாகத்தை எழுதி வெளியிட்டுவிட்டார். பதிப்புரிமைச் சட்டம் என்ற ஒன்றே இல்லாத காலம். செர்வான்டெஸ் மறுவருடம் தன் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தார். அதில் தன் நாயகனை, போலிப் புத்தகம் அனுப்பிவைத்த சரகோசா ஊருக்குப் போகவிடாமல் பார்சிலோனாவுக்குத் திருப்பிவிட்டார். கடைசியில் அவனைச் சாகடித்தும் விட்டார், இனி யாரும் தொடக்கூடாது என்று. நானூறு வருடத்துக்கு அப்புறமும் அந்தப் பக்கங்களில் அவருடைய கோபம் தெரிகிறது.

## 3. காலம் முடிந்த பாத்திரங்கள்

புத்தகமாகப் போட வேண்டும், விற்க வேண்டும், யாரிடமும் கெஞ்சக்கூடாது என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. தமிழில் இந்த வளம் எவ்வளவு இருக்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

கல்கி 1954-இல் மறைந்தார். 1999-இல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. அது இல்லாவிட்டாலும் 2014 முடிவில் காலம் முடிந்திருக்கும். எனவே மணிமேகலைக்கு நீங்கள் விரும்பிய வாழ்க்கையைக் கொடுக்கலாம், பூங்குழலியைக் கப்பலேற்றி அனுப்பலாம், ஆழ்வார்க்கடியானைத் தனியாகத் துப்பறிய விடலாம். நாட்டுடைமைக்கு முன்பே விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் அந்தக் கதையைத் தொடர்ந்தார். தேவன் 1957-இல் மறைந்தார். துப்பறியும் சாம்பு 2018 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொது. அந்த அசட்டு அதிர்ஷ்டத்தை இன்றைய சென்னையில், சைபர் மோசடிக்காரர்கள் நடுவில் விட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லையே! தமிழ்வாணன் மறைந்தது 1977, ஆக சங்கர்லாலுக்கு 2037 முடியும் வரை காத்திருக்க வேண்டும். சுஜாதா 2008-இல் மறைந்தார். கணேஷ்–வசந்த் 2069-இல்தான் பொதுவுக்கு வருவார்கள்.

இராமாயண, மகாபாரதப் பாத்திரங்களுக்கும் சரித்திர மனிதர்களுக்கும் உரிமையாளர் கிடையாது. புதுமைப்பித்தன் அகலிகையை எடுத்து 'சாபவிமோசனம்' எழுதினார், யாரிடமும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. ஆனால் அண்மையில் ஒருவர் எழுதிய மகாபாரத நாவலில் அவரே கற்பித்த பாத்திரத்தை எடுத்தால் கதை வேறு. வந்தியத்தேவனைப் பாருங்கள். குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அந்தப் பெயர் சரித்திரம். வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் அந்த வாய்த்துடுக்கு இளைஞன் கல்கியின் கற்பனை.

இந்த வழியிலும் செலவு ஒளிந்திருக்கிறது. எழுத்து பொதுவானாலும் படம் பொதுவாகாது. பொன்னியின் செல்வனுக்கு முதலில் படம் வரைந்த மணியம் 1968-இல் மறைந்தார், அவர் ஓவியங்களுக்கு 2028 வரை காலம் இருக்கிறது. சாம்புவைச் சித்திரமாக்கிய கோபுலு மறைந்தது 2015-இல்தான். அட்டைக்கு அந்தப் படங்களை எடுத்துப் போட்டால் எல்லாப் பாதுகாப்பும் போச்சு. 2022, 2023-இல் வந்த திரைப்படத்தின் உடை, வசனம், காட்சியமைப்பும் அப்படியே. நாவலிலிருந்து எழுதுங்கள், படத்திலிருந்து எழுதாதீர்கள்.

நாட்டுக்கு நாடு காலமும் மாறும். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் 1930-இல் மறைந்தவர். நமக்கு அந்தப் பிரச்சினை எப்போதோ தீர்ந்துவிட்டது. அமெரிக்காவிலோ கடைசிக் கதைகள் 2023-இல்தான் பொதுவுக்கு வந்தன. அதுவரை டாயிலின் வாரிசு நிறுவனம் பணம் கேட்டுக்கொண்டே இருந்தது. லெஸ்லி கிளிங்கர் என்ற தொகுப்பாசிரியர் தன் புது ஹோம்ஸ் கதைகளின் முதல் தொகுப்புக்குப் பதிப்பகம் 5,000 டாலர் கட்டியதைப் பார்த்தார், அடுத்ததற்குக் கட்ட மறுத்து வழக்காடினார். பழைய கதைகளில் உள்ள ஹோம்ஸ் பொதுச்சொத்து என்று 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கிளிங்கரின் வக்கீல் செலவு முப்பதாயிரம் டாலருக்கு மேல் நிறுவனமே தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இதற்கு நேரெதிர் பாய்ரோ. அமெரிக்காவில் முதல் நாவல் பொதுவாகிவிட்டது. கிறிஸ்டி 1976-இல் மறைந்ததால் இந்தியாவில் 2036 முடியும் வரை பாய்ரோவைத் தொட முடியாது.

இன்னொன்று. மூல எழுத்தாளரின் பெயரைச் சொல்லாமல் விடாதீர்கள். படைத்தவர் பெயர் சொல்லப்பட வேண்டும், படைப்பு சிதைக்கப்படக் கூடாது என்று பிரிவு 57 தரும் தார்மீக உரிமையை வாரிசுகளும் கோரலாம். வழக்கு வராவிட்டாலும், தேவனை மறைத்துச் சாம்புவைத் தன் சரக்காகக் காட்டுவது அழகில்லை.

## 4. மாற்றிச் சொந்தமாக்குவது

ஃபேன் ஃபிக்‌ஷனாக எழுதிய கதையில் பெயர்களை மாற்றி நாவலாக்குவது உலகெங்கும் நடக்கிறது. 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' முதலில் ட்வைலைட் என்ற ரத்தக்காட்டேரி நாவலின் ரசிகர் கதையாக இணையத்தில் வந்தது, 2011-இல் நாவலானது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் ஃபைண்ட்–ரீப்ளேஸ் போட்டு வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் ஃபிஃப்டி ஷேட்ஸில் ரத்தக்காட்டேரியே இல்லை, ஊர் வேறு, தொழில் வேறு, கதைப்போக்கு வேறு. பெயரை எடுத்தபிறகும் நிற்கும் அளவுக்கு முன்பே விலகியிருந்தது.

விலகாமல் பெயரை மட்டும் மாற்றியவர்களுக்கு என்ன ஆனது? ரஷ்யாவில் தான்யா குரோட்டர் என்ற சிறுமி, கண்ணாடி போட்டவள், மந்திரப் பள்ளியில் படிக்கிறாள். ஆசிரியர் அதைப் பகடி என்றார். 2003-இல் நெதர்லாந்து நீதிமன்றம் டச்சு மொழிபெயர்ப்பைத் தடுத்துவிட்டது. நாகேஷ் கதையை மேலே பார்த்தோம்.

ஒரு சோதனை சொல்கிறேன். பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, மூலத்தைக் கரைத்துக் குடித்த ஒரு நண்பரிடம் மூன்று அத்தியாயம் கொடுங்கள். "இது அவர்தானே?" என்று கேட்டால் இன்னும் வேலை இருக்கிறது. கும்பகோணத்து ஹாரியின் வடுவையும் கண்ணாடியையும் எடுத்தால் போதாது. அநாதைச் சிறுவன், கொடுமைக்காரப் பெரியம்மா வீடு, ரயில், நான்கு அணிகள், இரண்டு நண்பர்கள் என்ற கோர்வையே அவனைக் காட்டிக்கொடுக்கும். அதே பையனை மகாமகக் குளத்தருகே பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறக்க வைத்து, மந்திரத்தை அந்த ஊர் மண்ணிலிருந்து எடுத்தீர்கள் என்றால் நான்கு அத்தியாயத்தில் அவன் வேறு ஆளாகிவிடுவான். உழைப்பு கிட்டத்தட்ட புதுநாவலுக்கு ஆகும். பலன் என்னவென்றால் அச்சு, ஆடியோ, சினிமா எல்லா உரிமையும் உங்களுக்கே.

இந்த வழியில் போனால் இணையத்தில் இருக்கும் பழைய வடிவத்தை எடுத்துவிடுங்கள். பதிப்பாளரிடமும் மறைக்காதீர்கள். கதை முழுக்க உங்கள் சொந்தக் கற்பனை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்தான்.

## 5. எதிர்க்கதை

மூலத்தோடு சண்டை போட எழுதும் கதை இது. அதன் சாதிப் பார்வையை, பெண்களை அது நடத்திய விதத்தை, அது பேசாமல் விட்டதைப் பேச அதே பாத்திரங்கள் வேண்டியிருக்கிறது. இதற்கு இந்தியாவிலேயே ஒரு பலமான முன்னுதாரணம் உண்டு. தோப்பில் பாசியின் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' கேரள இடதுசாரி இயக்கத்தையே வளர்த்த நாடகம். 1990-களில் சிவிக் சந்திரன் அதே பாத்திரங்களையும் சில வசனங்களையும் எடுத்து, உழைத்த தலித் மக்களுக்கு அந்த இயக்கம் என்ன செய்தது என்று கேட்கும் எதிர்நாடகம் எழுதினார். பாசியின் குடும்பம் வழக்குப் போட்டது. 1996-இல் கேரள உயர் நீதிமன்றம் எதிர்நாடகத்தின் பக்கம் நின்றது. எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், இரண்டுக்கும் சந்தையில் போட்டி வருமா என்று மூன்றையும் பார்த்தது. விமர்சனம்தான் நோக்கம் என்று கண்டது.

அமெரிக்காவிலும் இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 'கான் வித் த விண்ட்' கதையை அடிமைப் பெண்ணின் கண்ணிலிருந்து சொன்ன நாவலுக்கு விழுந்த தடையை 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. சாலிஞ்சரின் 'கேட்சர் இன் த ரை' நாவலின் இளம் நாயகன் ஹோல்டன் கால்ஃபீல்டை முதியவராக்கி எழுதிய நாவலை 2009-இல் நியூயார்க் நீதிமன்றம் நிறுத்தியது. முதலாவது மூலத்தைக் கேள்வி கேட்டது. இரண்டாவது மூலத்தைத் தொடர்ந்தது என்றே நீதிமன்றத்துக்குப் பட்டது. பின்னால் வந்த சமரசத்திலும் அந்த நூல் அமெரிக்காவில் விற்பனைக்கு வரவில்லை.

விமர்சிக்கத்தான் எடுத்தேன் என்னும் 'நியாயமான பயன்பாடு' வழக்கு வந்தபிறகு நீங்கள் எடுத்து வைக்கும் வாதம், முன்கூட்டியே யாரும் தரும் சான்றிதழ் இல்லை. துணை நிற்கும் பதிப்பகமோ நாடகக் குழுவோ இல்லாமல் தனியாளாக இதில் இறங்க வேண்டாம். சொல்ல வேண்டியது உண்மையிலேயே இருந்தால், அதைச் சொல்ல அந்தப் பாத்திரமே வேண்டும் என்றால், பயந்து விடவும் வேண்டாம்.

## சினிமா, சீரியல், நிஜ மனிதர்கள்

திரைப் பாத்திரம் என்றால் வசனகர்த்தாவிடம் மட்டும் கேட்டுப் பயனில்லை, தயாரிப்பாளரிடமும் கேட்க வேண்டும். ஷோலேயை 2007-இல் மறுபடி எடுத்தவர்கள் பெயர்களைக்கூட முழுதாக மாற்றாமல் விட்டதால் 2015-இல் தில்லி உயர் நீதிமன்றம் பத்து லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. சீரியல் ஜோடியை வைத்து எழுதும் கதைகள் நம் தளங்களில் குவிந்து கிடக்கின்றன, இலவசமாக இருக்கும்வரை யாரும் கண்டுகொள்வதில்லை. அவற்றை ஆடியோ கதையாக்கி விளம்பரம் போடும்போது, அதிலும் சீரியலின் ஸ்டில்லை அட்டையாக வைத்துத் தலைப்புப் பாட்டைப் பின்னணியில் ஓடவிடும்போது, மூன்று வேறு உரிமையாளர்களை ஒரே சமயத்தில் சீண்டுகிறீர்கள்.

நடிகரையே பாத்திரமாக்கி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பதிப்புரிமைக்கு வெளியே, இன்னும் ஆபத்தான இடத்தில் இருக்கிறது. தன் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்திய இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் போட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் தடை கொடுத்தது. உயிரோடு இருக்கும் ஒருவரின் படுக்கையறையையும் குடும்பச் சண்டையையும் கற்பனை செய்து அவர் பெயரிலேயே எழுதுவதற்கு மேலே சொன்ன ஐந்து வழிகளில் எதுவும் பொருந்தாது. அப்படி ஒரு கதை கையில் இருந்தால் பெயர், ஊர், படங்கள் எல்லாவற்றையும் மாற்றிய பிறகு வெளியிடுங்கள்.